முழு மூச்சின் அளவு

காலை மணி ஆறு நாற்பத்திரண்டு. பொன்னேரி ரயில் நிலையத்தில் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது அண்ணனின் கைகளை. மேம்பாலத்தின் ஆறாவது படியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்களின் மேல் ஊன்றியிருந்தார். தோள்கள் காது வரை ஏறியிருந்தன. உதட்டைக் குவித்து, டீயை ஊதி ஆற்றுகிறவர் போல, மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டிருந்தார். கவரைப்பேட்டையிலிருந்து அவர் ஏறி வந்த ரயில் போய்ப் பத்து நிமிஷமாகியிருந்தது. அதில் வந்தவர்கள் எல்லோரும் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

"இன்னா பாப்பா, லேட்டு" என்றார்.

"நான் கரெக்டாதான் வந்தேன். நீ இன்னா இங்கியே குந்திக்கினு இருக்கே?"

"குந்தல. பாலத்த செக் பண்ணிக்கினு இருக்கேன்." நடுவில் ஒருமுறை ஊதினார். "ஸ்ட்ராங்காதான் கீது."

மீதிப் படிகளை நாலு நாலாக ஏறினோம். நாலு படி, ஒரு நிறுத்தம். பாலத்தைக் கடந்து மறுபக்கம் இறங்கப் பதினேழு நிமிஷம் ஆனது. பத்திரிகையில், செய்தி மேசையில் இருபது வருஷம் உட்கார்ந்ததில் எதற்கும் நேரம் குறிக்கிற பழக்கம் வந்துவிட்டது. அன்றும் குறித்தேன்.

அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது, எனக்கு நாற்பத்தேழு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் ஒரு ஆலையில் இருபத்தாறு வருஷம் பர்னஸ் முன்னால் நின்றவர். கார் கதவு, பெயின்ட் டப்பா, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கியர் என்று வருவதையெல்லாம் உலையில் கொட்டி, உருக்கி, கட்டியாக வார்ப்பார்கள். அவர் கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்ட் ஆள். பீடியும் குடித்திருக்கிறார். பதினாறு வயதில் ஆரம்பித்தது. முதல் குழந்தை பிறந்தபோது விட்டார். புகை வந்தது இரண்டு வழியில் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும்.

மூச்சுத் திணறலை ஆலைக்கு எதிரே இருந்த கிளினிக்கில் பல வருஷம் ஆஸ்துமா என்றே சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். சென்னையில் நெஞ்சுநோய் மருத்துவர் ஒருவரிடம் நான் கூட்டிப்போன பிறகுதான் ஒரு குழாயில் ஊத வைத்து அளந்தார்கள். அவருடைய உயரத்துக்கும் வயதுக்கும் முதல் நொடியில் வெளியே வர வேண்டிய காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார் மருத்துவர். ஐம்பதை நெருங்கும் பெண். எதையும் ஒருமுறைதான் சொல்வார், ஆனால் புரியும்படி சொல்வார்.

"ஊதுற டெஸ்ட், மொத்தத்துல எவ்வளவு கெட்டிருக்குன்னு சொல்லும். எந்த இடத்துல கெட்டிருக்குன்னு சொல்லாது. அதுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து அளக்கணும். நுரையீரல்ல ஒரு பகுதி மட்டும் ரொம்பக் கெட்டு, மத்தது ஓரளவு நல்லா இருந்தா, கெட்ட பகுதிக்குப் போற குழாய்ல சின்ன வால்வு வெச்சு மூடிடலாம். நல்ல பகுதி விரியறதுக்கு இடம் கிடைக்கும். நடக்கலாம், மாடி ஏறலாம்."

"வேலைக்குப் போலாமா மேடம்?" என்று கேட்டார் அண்ணன்.

"முதல்ல ஸ்கேன் எடுங்க."

ஆலையில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உலை முன்னால் இருமி இருமி ஒருநாள் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாராம். நுரையீரல் பரவாயில்லை என்று ஒரு காகிதம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஆக, ஒரே ஸ்கேனில் அண்ணனுக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. வால்வு வைக்க முடியுமா, உலைக்குத் திரும்ப முடியுமா.

அந்த ஸ்கேன் எப்படி அளக்கிறது என்று நான் முன்பே படித்துவைத்திருந்தேன். உடம்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தியைப் பொறுத்து ஒரு எண் கொடுக்கிறது இயந்திரம். தண்ணீருக்குப் பூஜ்யம். வெறும் காற்றுக்கு மைனஸ் ஆயிரம். நல்ல நுரையீரலில் காற்றும் சதையும் ரத்தமும் கலந்திருப்பதால் எண் நடுவில் எங்கோ நிற்கும். மைனஸ் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கும் கீழே போனால் அங்கே சதை போய்விட்டது, காற்றறைகளின் சுவர் இடிந்து வெறும் காற்றுதான் மிச்சம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட புள்ளிகள் நுரையீரலில் நூற்றுக்கு எத்தனை என்பதே அளவு. முழுதாக மூச்சை இழுத்து நிறுத்திய நிலையில் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் படித்தேன். அது எந்த ஸ்கேனுக்கும் உள்ள வழக்கமான நிபந்தனை என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

பாலம் இறங்கிப் போன பொன்னேரி ஸ்கேன் சென்டரில் அன்றைக்கு நாங்கள் இரண்டாவது ஆட்கள். அண்ணன் உள்ளே போனார். பதினோரு நிமிஷத்தில் வெளியே வந்தார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"இன்னாண்ணா, முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிச்சு. பெரிய வளையம் ஒண்ணு கீது. அதுக்குள்ள தள்றாங்கோ. மூச்ச புடின்னுது, புடிச்சேன்."

"புடிக்க முடிஞ்சுதா?"

"அட, நமக்கு தொழிலே அதான்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, சுவரில் கை வைத்து நின்றார். பிறகு ஓட்டலில் நாஷ்டா சாப்பிட்டோம். இரண்டு இட்லியில் ஒன்றை என் தட்டில் வைத்தார். வயிறு நிறைந்தால் மூச்சு முட்டுகிறது என்றார்.

ரிப்போர்ட் மறுநாள் மாலை என் போனுக்கு வந்தது. அலுவலகத்தில் இருந்தேன். மூன்று பக்கம். செய்தியில் முதல் வரியைத் தேடுகிற மாதிரி நேராகக் கடைசிப் பத்திக்குப் போனேன். எம்ஃபிசீமா, அதாவது காற்றறைகள் இடிந்துபோன பாதிப்பு, லேசான அளவில் என்று போட்டிருந்தது. நூற்றுக்கு ஆறு. அதற்கு மேலே ஒரு கட்டத்தில் நுரையீரலின் மொத்தக் கொள்ளளவு மூன்று புள்ளி எட்டு லிட்டர் என்று இருந்தது. அது அதிகமா குறைவா என்று எனக்குத் தெரியாது. ஒரு நிருபர் இப்படி ஒரு எண்ணை எழுதி அனுப்பினால், யார் சொன்னது, வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்று கேட்காமல் நான் பக்கத்தில் ஏற்றியதில்லை. இந்த எண்ணைப் பற்றி நான் யாரையும் கேட்கவில்லை. போனை எடுத்து அண்ணன் வீட்டுக்குப் பேசினேன்.

அண்ணிதான் எடுத்தார்.

"லேசாதான் இருக்காம் அண்ணி. நூத்துக்கு ஆறுதானாம்."

"ஏ பேப்பர்காரி, நெசமாவா? இல்ல, காலைல ஒண்ணு போட்டு மக்யா நாள் மூலைல சின்னதா மாத்திப் போடுவீங்களே, அந்த மாதிரியா?"

"ரிப்போர்ட்டே கையில இருக்கு அண்ணி."

அந்தப் பக்கம் அண்ணி அழுவது கேட்டது. பின்னாலேயே அண்ணனின் குரல்: "இன்னாத்துக்கு அய்வுற இப்போ? லேசுன்னுதானே சொல்லுது? போயி ஊத்துற வேலையப் பாரு, தோசை கருகுது."

அன்று இரவே ரிப்போர்ட்டை அச்செடுத்துத் தரும்படி அண்ணன் கேட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி பழவேற்காட்டு இறால் வாங்கி வைத்திருந்தார். அண்ணன் அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் காட்டப் போவதாகச் சொன்னார்.

"டாக்டர் இன்னும் பாக்கலண்ணா. மூணு வாரம் கழிச்சுத்தான் தேதி குடுத்திருக்காங்க. பாத்துட்டுப் போ."

"லேசுன்னு நீதானே சொன்னே?"

"ரிப்போர்ட்ல போட்டிருந்தது."

"அப்போ இன்னா? ஊட்ல குந்திக்கினு டிவிய மொறைச்சிக்கினு இருக்கறது பேஜாரா கீது பாப்பா."

போனார். பதினோரு நாள் வேலை பார்த்தார். தினமும் சாயங்காலம் நான் போனில் கேட்பேன், நல்லா இருக்கேன் என்பார். அண்ணியிடம் தனியாகக் கேட்டபோது, வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம் பேசுவதில்லை, கையைக் காட்டித்தான் தண்ணீர் கேட்கிறார் என்றார். பன்னிரண்டாம் நாள் காலை பத்தரைக்குக் கசடு கொட்டும் இடத்தில் விழுந்தார். கூட வேலை செய்த ஒருவர் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்து வந்தார். உதடு நீலமாக இருந்தது என்றார் அண்ணி. அன்று மதியமே சென்னைக்குக் கொண்டுபோனோம். மூன்று வாரத் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

ஆக்சிஜன் கொடுத்துப் படுக்க வைத்த பிறகு மருத்துவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஸ்கேன் படங்களைத் திரையில் ஓடவிட்டார். ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை. படத்தை மட்டும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று இரண்டு தடவை உருட்டினார்.

"ஊதுற டெஸ்ட் இவ்வளவு மோசம். ஸ்கேன்ல நூத்துக்கு ஆறு. ரெண்டும் ஒத்துப் போகல." பேனா நுனியைத் திரையில் வைத்தார். "இது மூச்சுக்குழாய். மூச்சை முழுசா இழுத்தா வட்டமா இருக்கும். இங்க பாருங்க, பின்பக்கச் சுவர் உள்ளே வளைஞ்சு பிறை மாதிரி இருக்கு. மூச்சை வெளிய விட்டாத்தான் இப்படி ஆகும். கொள்ளளவும் மூணு புள்ளி எட்டுதான். இந்த நோய்ல நுரையீரல் ஊதிப் பெருசா இருக்கணும்."

"விட்டா என்ன ஆகும் டாக்டர்?"

"சுருங்கும். மிச்சம் இருக்கற சதை ஒண்ணோட ஒண்ணு நெருங்கும். அடர்த்தி ஏறும். ஓட்டை எல்லாம் மறைஞ்சுடும். இந்த ஆறு, அவரோட நோயோட அளவு இல்ல."

மூன்று நாள் கழித்து, படுத்தபடி மூச்சு ஓரளவு சமநிலைக்கு வந்ததும், அதே மருத்துவமனையில் மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை என்னைக் கண்ணாடிக்குப் பின்னால் டெக்னீஷியன் பக்கத்தில் நிற்க மருத்துவர் அனுமதித்தார். டெக்னீஷியன் நிதானமான மனிதர். படம் எடுப்பதற்கு முன் ஒத்திகை பார்ப்பது அங்கே வழக்கம். முதலில் படுக்கை அசையாமல் இருக்க, மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க என்றார். அண்ணனின் நெஞ்சு மேலே எழுந்தது, நின்றது. சரியாக இருந்தது. அடுத்து, படுக்கையை நகர்த்தி அதே ஒத்திகை. வளையம் உள்ளே சுழலும் ஓசை எழும்ப, படுக்கை அதன் வாய்க்குள் நகர்ந்தது. அண்ணன் மூச்சை இழுத்தார். தலை வளையத்துக்குள் நுழைந்ததும் அவருடைய நெஞ்சு இறங்கியது. வாய் இறுக மூடியது. அப்படியே அசையாமல் கிடந்தார்.

டெக்னீஷியன் நிறுத்திவிட்டு உள்ளே போனார். மைக் திறந்திருந்ததால் பேச்சு எனக்குக் கேட்டது.

"என்னங்கய்யா, இழுத்துப் பிடிக்கச் சொன்னா விட்டுடறீங்களே?"

"வுடலியே சார். புடிச்சிக்கினுதானே இருந்தேன்."

"பிடிச்சீங்க. ஆனா விட்டுட்டுப் பிடிச்சீங்க."

"நானா?"

இன்னொரு தடவை நகர்த்தினார்கள். மறுபடியும் அதுவே நடந்தது. இந்தத் தடவை நெஞ்சு இறங்கும்போது டெக்னீஷியன் அதன்மேல் கையை வைத்துக் காட்டினார். அண்ணன் தலையைத் தூக்கித் தன் நெஞ்சைப் பார்த்தார்.

"உலைல ஸ்கிராப்பு கொட்டும்போது இப்டித்தான் சார் பண்ணுவோம்" என்றார் பிறகு. "வாய் தொறக்கும். சத்தம் ஏறும். பெயின்ட்டு, ஆயிலு எல்லாம் ஒரேடியா பத்திக்கினு பொகை மூஞ்சிக்கு வரும். அப்போ உள்ள காத்து வெச்சிருக்கக் கூடாது. இருந்தா இருமல் வரும், இருமினா அடுத்தது பொகைய உள்ள இஸ்துத்தான் ஆவணும். அதனால மொத்தத்தையும் உட்டுட்டு, வாய மூடிக்கினு, பத்து எண்ணிட்டுப் பின்னால வரணும். மொத நாளே அதான் சொல்லிக் குடுப்பாங்கோ. இருவத்தாறு வருசம் சார். எனக்கே தெரியாம பண்றேன் போல."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்கய்யா?"

"எண்ணுனது இல்ல சார்."

டெக்னீஷியன் வரிசையை மாற்றினார். அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி, படுக்கையை முதலில் வளையத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தி, ஓசை ஏறி ஒரே சீராகும்வரை காத்திருந்து, பிறகு மூச்சை இழுக்கச் சொன்னார். நெஞ்சு எழுந்தது. நான் கண்ணாடியில் கை வைத்து நின்றிருந்தேன். ஒன்பது நொடி. நெஞ்சு இறங்கவில்லை. படம் எடுத்தாகிவிட்டது.

வெளியே கொண்டுவந்தபோது அண்ணன் உற்சாகமாக இருந்தார்.

"இந்த வாட்டி ஃபுல்லா புடிச்சேன் பாப்பா. பாத்தியா?"

"பாத்தேன்."

"கரெக்டா வந்துருக்குமில்ல?"

"வந்திருக்கும்."

வந்திருந்தது. கொள்ளளவு ஏழு லிட்டருக்கு மேல். மைனஸ் தொள்ளாயிரத்து ஐம்பதுக்குக் கீழே இருந்த புள்ளிகள் நூற்றுக்கு நாற்பத்தொன்று. அவற்றை வண்ணத்தில் காட்டும் படம் ஒன்றும் இருந்தது. இரண்டு நுரையீரல்களிலும், மேலே, நடுவில், கீழே என்று வித்தியாசமில்லாமல் ஒரே நீலம். மருத்துவர் அண்ணனையும் அண்ணியையும் என்னையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார். ஒரு பகுதி கெட்டு இன்னொன்று நன்றாக இருந்தால் கெட்டதை மூடலாம். இவருக்கு எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி கெட்டிருக்கிறது. மூடினால் இருப்பதும் போகும். வால்வு வைக்க முடியாது. உலைக்குப் போகக் கூடாது. வீட்டில் ஆக்சிஜன் வேண்டும், நாளைக்குப் பதினைந்து மணி நேரமாவது.

அண்ணிக்கு எண்கள்தான் புரியவில்லை. "போன மாசம் ஆறு. இப்போ நாப்பத்தொண்ணு. ஒரே மாசத்துலயா மேடம்?"

"இல்லம்மா. போன மாசமும் இதுதான் இருந்திருக்கும். அப்ப தெரியல."

"அப்போ நான் மூச்ச ஒழுங்கா புடிச்சிருந்தா மேடம்," என்றார் அண்ணன், "அப்பவே வால்வு வெச்சிருக்கலாமா?"

"அப்பவும் வெச்சிருக்க முடியாதுங்க."

அண்ணன் தலையாட்டினார். அந்தப் பதிலில் அவருக்கு ஏதோ ஒரு நிம்மதி இருந்தது போலத்தான் தெரிந்தது. அண்ணி பக்கம் திரும்பி, "பாத்தியா, என் மேல தப்பு இல்ல" என்றார். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உன்ன யாருய்யா சொன்னது இப்போ?" என்றார்.

அவர்கள் இருவரும் வெளியே போன பிறகு நான் மட்டும் நின்றேன். எனக்கு ஒரு கேள்வி இருந்தது.

"அந்தப் பதினோரு நாள், டாக்டர். ரிப்போர்ட்டைப் பாத்து வேலைக்குப் போனாரே. அதனால எவ்வளவு கூடியிருக்கும்?"

மருத்துவர் இரண்டு ஸ்கேன்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது பக்கம் பிறை, வலது பக்கம் வட்டம்.

"சொல்ல முடியாது. முன்ன எடுத்தது சரியான மூச்சுல எடுத்திருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம். இது ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு வெச்சு அளக்க முடியாது."

"தோராயமா?"

"நான் ஒரு நம்பர் சொன்னா நீங்க அதையே வெச்சுக்கிட்டு இருப்பீங்க. அளக்காததுக்கு நம்பர் சொல்ல மாட்டேன்."

அவர் சொன்னது சரி. நானும் அலுவலகத்தில் அதையேதான் மற்றவர்களிடம் சொல்வேன். அந்தப் பதினோரு நாள் சாயங்காலங்களில் அவர் போனில் பேசியது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. வாக்கியங்கள் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போயின. முதல் நாள், ஆலையில் புதிதாக வந்த ஓர் ஒடிசாக்காரர் தன்னை "சாச்சா", அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவதைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். கடைசி நாள், "நல்லா கீறேன், வெச்சிடு."

கவரைப்பேட்டை வீட்டுக்கு ஆக்சிஜன் இயந்திரம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தது. அடுக்களை அரிசி டிரம் உயரம் இருந்தது. கொண்டுவந்தவர், பிளக் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வைக்க முடியும், எக்ஸ்டென்ஷன் ஒயர் போடக் கூடாது என்றார். பிளக் உள் அறையில் கட்டில் தலைமாட்டில் இருந்தது. மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு அண்ணன் எழுந்து நின்று, கூடத்தைத் தாண்டி, தெருப்பக்கம் நடந்து பார்த்தார். வாசலை எட்டுவதற்கு முன்பே குழாய் இழுத்தது. காதிலிருந்து நழுவியதை அண்ணி எடுத்து மாட்டினார். எக்ஸ்ட்ரா குழாய் போட்டு நீட்டலாமா என்று நான் கேட்டேன். இதற்கு மேல் நீட்டினால் காற்றின் அளவு குறையும் என்றார் வந்தவர்.

டேப் வாங்கி அளந்தேன். கட்டிலின் தலைமாட்டிலிருந்து வாசற்படிக்கு ஒன்பது மீட்டர். குழாயின் நீளம் ஏழு மீட்டர்.